தெருவுக்குத் தெரியாமல்: ஒல்லாந்தில் நான்கு நாள்கள்

ஒக்டோபர் 1, செவ்வாய் – அம்ஸ்டர்டாம்

யாழ்ப்பாணத்துச் சில்லாலையிலிருந்து சின்னம்மா ஜெர்மனியின் டோர்ட்மண்டுக்கு வந்து மூன்று வாரமாகிறது. இதுவரை என் வீட்டு யன்னலுக்கு வெளியே நிற்கும் மரத்தைத் தவிர வேறெதையும் அவருக்குக் காட்டவில்லை என்ற குற்ற உணர்வில்தான் இந்தப் பயணத்தை ஒழுங்கு செய்தேன். எங்கே போகலாம் என்று கேட்டபோது லூர்து என்றோ ரோமாபுரி என்றோ சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர், "எங்கட கோயிலைப் பறிச்சவையின்ர ஊரை ஒருக்காப் பாக்க வேணும்" என்றார். யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தரின் (டச்சுக்காரரின்) ஆட்சி முடிந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது என்று நினைவூட்டினேன். அதனால் என்ன என்பதுபோல் பார்த்தார்.

முதலில் போனது கத்தோலிக்கக் கோயிலுக்கு அல்ல, போர்த்துக்கேய யூதர்களின் தொழுகைக் கூடத்துக்கு. நாளை மாலை யூதப் புத்தாண்டு தொடங்குகிறது; அதன்பின் சில நாள்களுக்குப் பார்வையாளரை விடமாட்டார்கள் என்பதால் இன்றே போகவேண்டியதாயிற்று. ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் வலுக்கட்டாயமாக ஞானஸ்நானம் பெற்று, அதன் பிறகும் கத்தோலிக்கச் சமய விசாரணை மன்றத்துக்கு அஞ்சி வாழ்ந்த குடும்பங்கள், 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இந்த நகரத்துக்கு வந்து தங்கள் பழைய சமயத்துக்குத் திரும்பின. தொடக்கத்தில் வீடுகளுக்குள் கூடித் தொழுதவர்கள், 1675இல் இந்த மாபெரும் செங்கல் கட்டடத்தைத் திறந்தார்கள். இன்றுவரை உள்ளே மின்விளக்கு இல்லை; பித்தளைக் கொத்துவிளக்குகளில் ஏறத்தாழ ஆயிரம் மெழுகுதிரிகளை ஏற்றினால்தான் வெளிச்சம்.

வாசலில் ஒரு சிறு குழப்பம். ஊர்க் கோயில் வழக்கப்படி சின்னம்மா செருப்பைக் கழற்றத் தொடங்கினார். வாசற்காவலர் சிரித்துக்கொண்டு வேண்டாம் என்று தடுத்துத் தரையைக் காட்டினார். பலகைத் தரை முழுவதும் மெல்லிய மணல் தூவப்பட்டிருந்தது. காலணி அழுக்கை இழுக்கவும் நடக்கும் ஓசையை அடக்கவும் அந்த மணல் என்றார். வல்லிபுரத்து மணலில் நடப்பதுபோல் இருக்கிறது என்பது சின்னம்மாவின் கருத்து.

மத்தியானத்துக்கு ஒரு தள்ளுவண்டியில் உப்பிட்ட ஹெரிங் மீனை வெங்காயத்தோடு பாணுக்குள் வைத்து வாங்கினோம். வேகவைக்காத மீன் என்பதை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பணம் கொடுக்கப் போனபோதுதான் வில்லங்கம் வந்தது. சின்னம்மா தன் கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஐந்து யூரோத் தாளை எடுத்து நீட்ட, கடைக்காரர் அட்டை மட்டும்தான் என்று தலையசைத்தார். தாளுக்கு மதிப்பில்லாத ஊரை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. அந்தத் தாளை இந்தப் பயணத்தில் எப்படியாவது செலவழிப்பது என்று அப்போதே முடிவெடுத்துவிட்டார்.

பின்னேரம் பெகெய்ன்ஹோஃபுக்குப் போனோம். துறவற வார்த்தைப்பாடு இல்லாமலே பக்தியில் வாழ்ந்த கத்தோலிக்கப் பெண்களின் குடியிருப்பு அது. நடுவில் புல்வெளி, சுற்றிலும் ஒடுங்கிய வீடுகள், மெதுவாகப் பேசும்படி எச்சரிக்கும் பலகை. 1578 மே 26ஆம் திகதி நகரின் ஆட்சி கல்வினியப் புரட்டஸ்தாந்தியர் கைக்கு மாறியபோது இந்தப் பெண்களின் தேவாலயம் பறிபோனது. 1607இல் அது ஆங்கிலம் பேசும் புரட்டஸ்தாந்தியருக்குக் கொடுக்கப்பட்டது. வீடுகள் மட்டும் பெண்களின் சொந்தச் சொத்து என்பதால் அவை தப்பின. 1671 அளவில், பறிபோன கோயிலுக்கு நேரெதிரே இரண்டு வீடுகளை உள்ளே ஒன்றாக்கித் தங்களுக்கு ஒரு கோயில் அமைத்துக்கொண்டார்கள். வெளியே நின்று பார்த்தால் அது வீடாகவே தெரியவேண்டும் என்பது நகரம் விதித்த நிபந்தனை. இன்றும் வீடாகவே தெரிகிறது. நாங்கள் இரண்டு தடவை கடந்துபோய்த்தான் வாசலைக் கண்டுபிடித்தோம்.

இங்கே வாழ்ந்த கோர்னேலியா ஆரென்ஸ் என்ற பெண் 1654இல் இறந்தார். தன் குடும்பத்தார் மதம் மாறியதற்குப் பரிகாரமாக, பறிபோன கோயிலுக்குள் வேண்டாம், வெளியே நீரோடும் கானில் என்னைப் புதையுங்கள் என்று அவர் கேட்டதாக இங்கே ஒரு கதை உண்டு. சின்னம்மா அந்த இடத்தில் நின்று ஓர் 'அருள் நிறைந்த மரியே' சொன்னார்.

இரவு விடுதிக்குத் திரும்பியபின் எனக்கு ஒன்று உறுத்தியது. யூதர்களுக்கு வானளாவ ஒரு கட்டடம். கிறிஸ்தவர்களேயான கத்தோலிக்கருக்கு வீட்டு முகப்பு. யூதர் சிறுபான்மை வணிகர், அவர்களுக்குப் பின்னால் படை நடத்தும் அரசன் எவனும் இல்லை. கத்தோலிக்கரோ, எண்பது ஆண்டு போரிட்ட எதிரியான ஸ்பானிய அரசனின் சமயத்தவர். அச்சம் எங்கே இருந்ததோ அங்கேதான் சுவரும் எழுந்தது என்று நினைக்கிறேன்.

ஒக்டோபர் 2, புதன் – அம்ஸ்டர்டாம்

காலையிலிருந்து மழை. மழையைவிடக் காற்று மோசம். என் குடை முதல் பாலத்திலேயே தலைகீழாக மலர்ந்து, இரண்டாவது பாலத்தருகே குப்பைத் தொட்டிக்குள் போனது. சைக்கிள் பாதையில் ஒரு கணம் நின்றுவிட்ட எங்களை நோக்கி ஒரு பெண்மணி மணியடித்துக்கொண்டே வந்து, "நீங்கள் பிழையான இடத்தில் நிற்கிறீர்கள்" என்று, கோபமே இல்லாமல், ஒரு தகவலைச் சொல்வதுபோல் சொல்லிப் போனார். இந்த ஊரவரின் மரியாதை அப்படிப்பட்டது. முகத்துக்கு நேரே சொல்வார்கள், மனதில் வைத்துக்கொள்ளமாட்டார்கள்.

நாங்கள் தேடிப்போன அருங்காட்சியகத்தின் பெயருக்கு 'மேல்மாடத்தில் நம் ஆண்டவர்' என்று பொருள். அது சிவப்பு விளக்குப் பகுதியின் நடுவில் இருக்கிறது என்பதை நான் அறிந்திருந்தும், காலை பத்து மணிக்கே கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னால் ஆள்கள் நிற்பார்கள் என்று நினைக்கவில்லை. "இது என்ன கடை, பிள்ளை?" என்று சின்னம்மா கேட்டார். பதற்றத்தில் "துணிக்கடை" என்றேன். சிறிது தூரம் நடந்தபின், "துணியைக் காணேல்லையே" என்றார். அதன்பிறகு அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

கட்டணம் ஆளுக்குப் பதினாறு யூரோவுக்கு மேல். யான் ஹார்ட்மன் என்ற கத்தோலிக்க வணிகர் 1661இல் கால்வாயோர வீடொன்றையும் அதன் பின்புறம் ஒட்டியிருந்த இரண்டு வீடுகளையும் வாங்கி, மூன்றின் மேல்மாடங்களையும் இணைத்து 1663க்குள் ஒரு கோயில் கட்டினார். கீழே வணிகர் வீட்டின் வரவேற்பறை, சமையலறை, சுவருக்குள் பதித்த கட்டில். எல்லாம் செல்வச் செழிப்போடு, சாதாரணமாக இருக்கின்றன. ஏணி போன்ற ஒடுங்கிய படிகளில் ஏறவேண்டும். சின்னம்மாவின் முழங்கால் ஒவ்வொரு திருப்பத்திலும் முறையிட்டது. பின்னால் வந்த இளைஞர் கூட்டம் ஒன்று அவசரப்படுத்தாமல் பொறுமையாக நின்றது. அவர்களில் ஒருவன் அவருடைய கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான்.

கடைசிப் படியில் ஏறித் தலையை நீட்டியதும் சின்னம்மா "ஆண்டவரே" என்றார். நானும் அப்படி ஒன்றை எதிர்பார்த்திருக்கவில்லை. இரண்டு தளங்களின் தரையை நடுவே நீளமாக வெட்டித் திறந்து, மிஞ்சிய ஓரங்களை இரும்புக் கம்பிகளால் கூரை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, இருபுறமும் இரண்டடுக்கு மேடைகள் ஆக்கியிருக்கிறார்கள். ஏறத்தாழ 150 பேர் அமரலாம். மரம் முழுவதும் மங்கிய இளஞ்சிவப்பு வர்ணம். பீடத்துக்கு மேலே யாக்கோப் டி விட் தீட்டிய, யோர்தானில் இயேசு திருமுழுக்குப் பெறும் ஓவியம். பீடத்தின் பக்கத் தூண், பளிங்குபோல் வர்ணம் பூசிய வெறும் மரம். அதற்குள் பிரசங்க மேடை மடிந்து கிடக்கிறது. பிரசங்க நேரத்தில் அலுமாரிக் கதவுபோல் வெளியே இழுத்து, முடிந்ததும் உள்ளே தள்ளிவிடலாம். இடநெருக்கடிக்கு இதைவிட நேர்த்தியான விடையை நான் பார்த்ததில்லை.

இது இரகசியக் கோயில் என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதுகின்றன. எனக்கு அந்தச் சொல் பொருத்தமாகப் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நூற்றைம்பது பேர் ஒரு வணிகரின் வீட்டுப் பக்கக் கதவால் நுழைந்து, இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பிப் போவது அயலாருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? நகர அதிகாரிக்கும் தெரியும். கத்தோலிக்கப் பூசை சட்டப்படி தடை. ஆனால் குறித்த தொகையை அதிகாரியிடம் கட்டிவிட்டால் அவர் படியேறி வரமாட்டார். 1579ஆம் ஆண்டு ஊட்ரெக்ட் உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு, சமயத்துக்காக எவரையும் விசாரிக்கவோ துன்புறுத்தவோ கூடாது என்று சொன்னது. மனம் சுதந்திரமானது என்று அதற்குப் பொருள் கொண்டார்கள். மணியடித்துக் கொடியேற்றுவது அதில் அடங்காது. ஆக, ஒளித்தது பூசையை அல்ல, முகப்பை. கண்டும் காணாமல் இருப்பதை ஒரு நிர்வாக முறையாகவே வளர்த்திருக்கிறார்கள், கட்டணத்தோடு. இந்தக் கோயில் 1887 வரை பயன்பட்டது; அருகில் புனித நிக்கொலாசுக்கு முகப்பும் கோபுரங்களுமாகப் பெரிய தேவாலயம் எழுந்தபின், 1888இல் அருங்காட்சியகமானது.

சின்னம்மா முன்வரிசையில் முழந்தாளிட்டுவிட்டார். அருங்காட்சியகத்தில் அது முறையா என்று நான் காவலரைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் திரும்பி யன்னலைப் பார்க்கத் தொடங்கினார். கண்டும் காணாமல்.

எழுந்து வந்தவர், "இவையள் கோயிலை ஒளிச்சவை. எங்கட ஆக்கள் குருவானவரை ஒளிச்சவை" என்றார். அதைச் சொல்லத்தான் அவர் இந்த ஊருக்கு வந்தாரோ என்று தோன்றியது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கும்பனி, கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று அதே ஆண்டில் கட்டளை பிறப்பித்தது. கோயில்கள் கல்வினியரின் சீர்திருத்தச் சபையின் கோயில்களும் பள்ளிக்கூடங்களுமாயின. ஞானஸ்நானமும் திருமணமும் அந்தப் பள்ளிக்கூடத் தோம்பில் (பதிவேட்டில்) பதிவாகவேண்டும். 1687இல் கோவாவிலிருந்து யோசவ்வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் கோலத்தில் வந்து, கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டு வீடு வீடாகப் போனார். செபமாலையைக் கண்டு எவர் முகம் மாறுகிறது என்று பார்த்துத்தான் தன் மந்தையை அடையாளம் கண்டார் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அவரைச் சில்லாலை மக்கள் வைத்துக் காப்பாற்றினார்கள். கும்பனியின் பெருந்தலைகளில் பலர் இந்த அம்ஸ்டர்டாம் நகரத்தவர்கள். ஹார்ட்மனின் மாடத்தில் பூசை நடக்கிறது என்று அறிந்தும் அறியாமல் இருந்த அதே ஊர், கடல் கடந்து அனுப்பிய சட்டத்தில் அந்தக் கண்மூடலைச் சேர்த்து அனுப்பவில்லை.

மதியம் பட்டாணிக் கஞ்சி. கரண்டியை நட்டால் நிற்கும் அளவுக்குத் தடிப்பு, உடம்பு நனைந்திருந்ததால் அமிர்தம். கழிப்பறைக்கு ஒரு யூரோ. இலங்கைக் காசில் 320 ரூபாய்க்கு மேல் என்று கணக்கிட்ட சின்னம்மா, தேவை தீர்ந்துவிட்டதாக அறிவித்தார். அங்கும் அட்டைதான் கேட்டார்கள்.

ஒக்டோபர் 3, வியாழன் – லைடன்

இன்றைய தவறு முழுக்க என்னுடையது. லைடனில் அமைதியாக ஒரு நாள் சுற்றலாம் என்று திட்டமிட்டவள், ஒக்டோபர் 3 அந்த ஊரின் திருநாள் என்பதைப் பார்க்கவில்லை. ஸ்பானியப் படை முற்றுகையிட்டு ஊர் பசியில் மடிந்துகொண்டிருந்தபோது, அணைகளை உடைத்து வயல்வெளியைக் கடலாக்கி, அதன்மேல் தோணிகளில் வந்து ஊரை மீட்ட நாள், 1574 ஒக்டோபர் 3. மீட்பர்கள் கொண்டுவந்தது ஹெரிங் மீனும் வெள்ளைப் பாணும். ஆகவே இன்றும் காலையில் ஊரவர்க்கு அவற்றைப் பகிர்ந்து கொடுக்கிறார்கள்.

நாங்கள் இறங்கியபோது நிலையத்திலிருந்தே கூட்டம். இராட்டினம், பொரித்த மாவுருண்டை மணம், வாத்தியக் குழு, பியர். நல்லூர்த் தேருக்குப் போய்ச் சப்பாத்தைத் தொலைத்தவர்களுக்கு அந்த நெரிசல் புரியும். பேதுரு ஆலயத்துக்குள் எங்களால் போகமுடியவில்லை. வெளிச்சுவரில் உள்ள நினைவுப் பலகையை மட்டும், பியர்க் கிண்ணத்தோடு சாய்ந்து நின்ற ஒருவர் நகர்ந்து இடம்விட்டபின், வாசித்தோம். ஜோன் ரொபின்சன், இங்கிலாந்தின் அரச திருச்சபையை ஏற்காத பிரிவினையாளரின் போதகர், 1625இல் இறந்து இந்த ஆலயத்தில் புதைக்கப்பட்டவர்.

இவர்களுடைய கதை ஸ்க்ரூபி என்ற சிற்றூரில் தொடங்குகிறது. முதலாம் ஜேம்ஸ் மன்னரின் காலத்தில், அரச திருச்சபையின் ஆராதனைக்கு வராமல் தனியே கூடுவது குற்றம். 1607இல் இங்கிலாந்தின் பொஸ்டன் துறையிலிருந்து தப்ப முயன்றபோது கப்பல் தலைவனே காட்டிக்கொடுத்தான். 1608இல் பகுதி பகுதியாக அம்ஸ்டர்டாம் வந்து சேர்ந்தார்கள். 1609 பெப்ரவரியில், ஏறத்தாழ நூறு பேர் குடியேற இடம் தரவேண்டும் என்று ரொபின்சன் லைடன் நகரசபைக்கு விண்ணப்பித்தார். நேர்மையாக நடந்து சட்டத்துக்குப் பணிகிற எவருக்கும் இந்நகரம் வாசலை மூடுவதில்லை என்று பதில் வந்தது. நான் ஜெர்மனியில் பெற்ற முதல் கடிதத்தின் நடை அதைவிட நீளம், அன்பு குறைவு.

ஆனால் வாசல் திறந்தது நெசவுக்கு ஆள் தேவைப்பட்ட நகரம். பின்னாளில் அமெரிக்காவின் பிளிமத் குடியேற்றத்துக்கு ஆளுநரான வில்லியம் பிராட்ஃபோர்ட் இங்கே துணி நெய்தார். வில்லியம் புரூஸ்டர் மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்து, 1617 முதல் 1619 வரை இங்கிலாந்தில் அச்சிட முடியாத நூல்களை அச்சிட்டு அனுப்பினார். ஜேம்ஸ் மன்னரின் தூதர் மோப்பம் பிடித்ததும் அச்சகம் நின்றது. ரொபின்சன் வாழ்ந்த வீடு இருந்த இடத்தில், 1683இல் யான் பெசெய்ன் முற்றம் என்ற முதியோர் குடியிருப்பு கட்டப்பட்டது. அந்தச் சிறு முற்றத்துக்குள் நுழைந்ததும் வெளி ஆரவாரம் பாதியாகக் குறைந்தது. அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து, நான் சின்னம்மாவுக்கு மிச்சக் கதையைச் சொன்னேன்.

விரும்பியபடி தொழ அனுமதி கிடைத்துப் பதினொரு ஆண்டுகள் ஆனபின் ஏன் அமெரிக்காவுக்குப் போனார்கள் என்று அவர் கேட்டார். வேலை உடம்பை உருக்கியது. ஸ்பெயினோடு செய்த போர்நிறுத்தம் 1621இல் முடிய இருந்தது. அவற்றோடு பிராட்ஃபோர்ட் எழுதி வைத்த இன்னொரு காரணம், பிள்ளைகள். பாரம் சுமந்தே முதுமை தட்டுகிறார்கள், சிலர் படையிலும் கப்பலிலும் சேர்ந்து பெற்றோரை விட்டுப் போகிறார்கள், இப்படியே போனால் தங்கள் மொழியும் பெயரும் கரைந்துவிடும் என்று பயந்தார்கள். சின்னம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "உன்ர பெடியன் போன கிழமை என்னோட ஜெர்மன் பாஷையில சண்டை பிடிச்சவன்" என்றார். நான் கதையை அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

நிறுத்தாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்: எல்லோரும் போகவில்லை. பெரும்பாலானோர் ரொபின்சனோடு லைடனிலேயே தங்கினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஒல்லாந்தராகத்தான் ஆனார்கள். புத்தகங்கள் போனவர்களைப் பற்றித்தான் எழுதுகின்றன.

மாலையில் கரட், வெங்காயம், உருளைக்கிழங்கு சேர்த்து மசித்த ஹட்ஸ்பொட் சாப்பிட்டோம். முற்றுகை நாளின் நினைவு உணவு. உப்பும் காரமும் இல்லாத ஒரு கூட்டு. சின்னம்மா கைப்பையிலிருந்து மிளகாய்த்தூள் சரையை எடுத்தார். பக்கத்து மேசைக் குடும்பம் ஆவலோடு பார்க்க, அவர்களுக்கும் ஒரு சிட்டிகை கிடைத்தது. தகப்பன் சிவந்துபோய்க் கண்ணீரோடு கைகுலுக்கினார். நெரிசலில் என் வலது கைக்கவசத்தைத் தொலைத்துவிட்டேன்.

ஒக்டோபர் 4, வெள்ளி – டெல்ஃப்ஸ்ஹாவன், டெல்ஃப்ட்

கால் வீக்கம். இருவருக்கும். ஆகவே இன்று கொஞ்சம்தான் நடந்தோம்.

டெல்ஃப்ட் நகரத்தார் தங்களுக்காக வெட்டிய துறைமுகம் டெல்ஃப்ஸ்ஹாவன். இன்று ரொட்டர்டாமின் ஒரு மூலை. 1940 மே 14 குண்டுவீச்சில் ரொட்டர்டாமின் மையம் அழிந்தபோது இந்த மூலை தப்பியது. 1620 யூலையில் லைடனிலிருந்து கால்வாய்ப் படகில் வந்தவர்கள் இங்கே 'ஸ்பீட்வெல்' என்ற கப்பலில் ஏறினார்கள். அந்தக் கப்பல் ஒழுகி ஒழுகி இரண்டு தடவையும் இங்கிலாந்துக்கே திரும்பியது. செப்டம்பரில் 'மேஃபிளவர்' மட்டும் 102 பயணிகளோடு போனது. முதல் குளிர்காலத்திலேயே பாதிப்பேர் இறந்தார்கள். கரையில் 'யாத்திரிகத் தந்தையர்' என்று அவர்களின் பெயரால் அழைக்கப்படும் பழைய ஆலயம் பூட்டியிருந்தது. கிழக்கிந்தியக் கும்பனியின் டெல்ஃப்ட் கிளைக்கும் இதுதான் துறை. வழிபடப் புறப்பட்டவர்களும், பிறரின் வழிபாட்டைத் தடுக்கப்போகும் கும்பனியாரும் ஒரே படிக்கட்டில் பாய்மரம் ஏறியிருக்கிறார்கள்.

மத்தியானம், தென்னமெரிக்காவில் ஒல்லாந்தரின் முன்னாள் குடியேற்ற நாடான சுரினாமின் சாப்பாட்டுக் கடை ஒன்றில் ரொட்டியும் கோழிக்கறியும். தன் முப்பாட்டனார் கல்கத்தாவில் கப்பலேறியவர் என்று கடைக்கார அம்மா சொன்னார். நான்கு நாளில் முதல் தடவையாகச் சின்னம்மா இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

டெல்ஃப்ட்டில் இறங்கிச் சந்தைச் சதுக்கத்துக்குப் பின்புறம் போனோம். 'பாப்புமாரின் (பாப்பரசரின் ஆள்களின்) மூலை' என்று கல்வினியர் ஏளனமாக அழைத்த கத்தோலிக்கத் தெரு அது. யேசு சபையினரின் மறைவுக் கோயில் ஒன்று இங்கே இருந்தது; அதற்கு அருகே மாமியார் வீட்டில் குடியிருந்து ஓவியம் தீட்டினார் யொஹான்னஸ் வெர்மேர். அவர் பிறந்தது 1632இல், இதே டெல்ஃப்ட்டில். அதே ஆண்டு, அதே ஊரில் பிறந்த இன்னொருவர் பிலிப்புஸ் பல்தேயஸ். கும்பனிப் படையின் பின்னால் யாழ்ப்பாணத்துக்குப் போன போதகர் அவர். எங்கள் கோயில்களைச் சீர்திருத்தச் சபைக் கோயில்களாக நடத்தி, தமிழ் படித்து, 1672இல் அம்ஸ்டர்டாமில் வெளியான பெரிய நூலில் அந்தக் கோயில்களின் படங்களையும் தமிழில் பரமண்டல செபத்தையும் பதித்தவர். அந்த இரண்டு பையன்களும் ஒரே சதுக்கத்தில் பம்பரம் விட்டிருக்கக்கூடும்.

மறைவுக் கோயில் இருந்த பக்கத்தில் இப்போது இரட்டைக் கோபுரத்தோடு ஒரு கத்தோலிக்கத் தேவாலயம், 19ஆம் நூற்றாண்டுக்குரியது, நிற்கிறது. கதவு திறந்திருந்தது. மாதா சுரூபத்தின் முன்னே மெழுகுதிரித் தட்டும், காசு போட இரும்புப் பெட்டியும். சின்னம்மா அந்த ஐந்து யூரோத் தாளை விரித்து, நீவி, துவாரத்துக்குள் தள்ளினார். பெட்டி மறுக்கவில்லை. பெரிய திரியாகப் பார்த்து எடுத்து ஏற்றினார்.

ஆருக்கு என்று கேட்டேன்.

"அந்தப் பல்தேயசுக்கு" என்றார். "என்ன இருந்தாலும் எங்கட தமிழைப் படிச்சவரெல்லே. அந்த மனுசனுக்கு இஞ்ச ஆர் திரி கொளுத்தப் போகினம்?"